மொட்டை மாடிக்கு வெளிப்படிக்கட்டு: அம்மாவின் சிக்குக் கோலத்தைக் கைப்பிடிக் கம்பியில் கொண்டுவர முடியுமா?

உப்பளக்காற்று, வேதாரண்யம் · பிப்ரவரி 3

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் மொட்டை மாடிக்கு வெளியிலிருந்துதான் படி. அப்பா கட்டியது. முற்றத்திலிருந்து மாடித் தளம் வரை 10 அடி 6 அங்குலம். அதை 15 படியில் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு படியும் எட்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, மிதிக்கும் அகலம் 9 அங்குலம். சின்ன வயதில் ஓடி ஏறினோம். இப்போது அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் தேய்மானம். வடகம் காயவைக்க ஏறினால் இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக உட்காராத குறைதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் கொல்லைத் தென்னை ஒன்று படியின் கைப்பிடிச் சுவர்மேல் விழுந்தது. சுவரை இடித்துவிட்டு அப்போதைக்கு இரும்புப் பைப் வைத்தோம். போன மாதம் அம்மா பிடித்த இடத்தில் அந்தப் பைப் அடியோடு கழன்று வந்தது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே வெறும் துரு. நல்ல வேளையாகக் கீழ்ப் படியில் நின்றிருந்தார்.

அதனால் மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன். கூடவே ஒரு ஆசை. அம்மா 50 வருஷமாக வாசலில் சிக்குக் கோலம் போடுகிறார். அதில் ஒன்றைக் கைப்பிடிக் கம்பியில் கையால் வளைத்துச் செய்ய முடியுமா? கடையில் கிடைக்கும் ரெடிமேட் பூ டிசைன் வேண்டாம். இங்கே காற்றில் உப்பு அதிகம், உப்பளம் கூப்பிடு தூரம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசமட்டம், திருச்சி · பிப்ரவரி 3

தம்பி, கோலத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் படி.

பழைய படி ஏன் வலிக்கிறது என்பது உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. தேசிய கட்டட விதிகளின்படி வீட்டுப் படி 19 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது, மிதி 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது. உங்களுடையது 21 செ.மீ. உயரம், 23 செ.மீ. மிதி. முழங்கால் வலி உள்ளவருக்கு 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். 10 அடி 6 அங்குலம் என்றால் 126 அங்குலம். 21 படி வைத்தால் சரியாக ஆறு ஆறு அங்குலம். ஊரில் லாபம், நஷ்டம் என்று எண்ணுவார்கள் அல்லவா, 21 லாபத்தில்தான் முடிகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது.

மிதி அகலத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. உயரத்தை இரண்டால் பெருக்கி மிதியைக் கூட்டினால் 24 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிளோண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் மனித நடையை வைத்துச் சொன்னது, இன்றைக்கும் பொய்க்கவில்லை. உங்களுக்கு 11½ அங்குலம் வையுங்கள். நடுவில் ஒரு திருப்பம் கொடுத்து 10 ஏற்றம், பிறகு 11 ஏற்றம் என்று பிரியுங்கள். திருப்பத்தில் அம்மா நின்று மூச்சு வாங்கலாம்.

இப்போது உப்புக் காற்று. ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி கடலோரக் காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். வழக்கமாக ஸ்லாபுக்குக் கொத்தனார் வைக்கும் கவர் பிளாக் 20 மி.மீ. அதை இங்கே வைக்கவே கூடாது. சென்டரிங் பலகையில் கம்பி கட்டி முடித்ததும் நீங்களே டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை: தண்ணீர். உங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்கவே கரிக்கும். அதில் கலவை போட்டால் உப்பைக் கம்பிக்குப் பக்கத்தில் நீங்களே கொண்டுபோய் வைத்த மாதிரி. கலவைக்கும் சரி, 14 நாள் நனைப்பதற்கும் சரி, குடிநீர் லாரி சொல்லிவிடுங்கள். செலவுதான். ஆனால் மொத்த வேலையிலும் இதைவிட உருப்படியான செலவு கிடையாது.

உலைக்களம், திண்டுக்கல் · பிப்ரவரி 4

வணக்கம் அண்ணா. மூன்று தலைமுறையாகப் பட்டறை வைத்திருக்கிறோம். உங்கள் பைப் கழன்ற கதை எனக்குப் பழக்கமானது. உள்கூடான பைப்பில் ஒரு ஊசி முனை அளவுக்கு வெல்டிங் விட்டிருந்தாலும் உப்பு ஈரம் உள்ளே போய்விடும், வெளியே வராது. பெயிண்ட் அடிப்பது வெளிப்பக்கம், துரு தின்பது உள்பக்கம். அதனால் கடலோரத்தில் கைப்பிடிக் கால்களுக்குத் திடக் கம்பிதான். 25 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 4.9 கிலோ வரும். கனம் அதிகம்தான், ஆனால் கனம்தான் ஆயுள்.

கோலத்தின் வளைவுகளுக்கு 10 மி.மீ. உருண்டைக் கம்பி எடுங்கள். சதுரக் கம்பி அழகுதான், ஆனால் சிக்குக் கோலம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வளைக்கும்போது அது முறுக்கிக்கொண்டு முகம் திரும்பிவிடும். உருண்டைக்கு முகம் கிடையாது. 8 மி.மீ.யில் கையாலேயே வளைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். உப்பு தின்னத் தின்ன மிச்சம் நிற்க வேண்டுமே.

நீங்களே வளைக்கப் போவதாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: ஜிஐ கம்பியை உலையில் போடாதீர்கள். துத்தநாகப் பூச்சு புகையாகி மூச்சில் ஏறினால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். கருப்பு இரும்பை வாங்குங்கள். உலையில் ஆரஞ்சு நிறம் வரும்போது எடுத்து வளையுங்கள், செம்பருத்திச் சிவப்புக்கு இறங்கியதும் திரும்ப உலைக்கே. சூடு இறங்கி நீலம் பாரித்த பதத்தில் சம்மட்டி போட்டால் இரும்பு விண்டுவிடும். அந்தச் சூட்டில் அது பச்சை இரும்பைவிட முரண்டு பிடிக்கும்.

முக்கியமான விஷயம்: படி கட்டி, பூச்சு முடித்து, காய்ந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். பிளானைப் பார்த்துச் செய்த கைப்பிடி எதுவும் பொருந்தியதில்லை.

செம்மண்சாலை, காரைக்குடி · பிப்ரவரி 6

படியில் ஆத்தங்குடி டைல்ஸ் பதிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டு வெளிப்படியில் மிதிக்கும் இடத்திலேயே பதித்தோம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிச் செய்வதால் அதன் முகமும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஐப்பசி மழையில் என் மாமியார் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. மறு மாதமே பெயர்த்து எடுத்துவிட்டு, அதே டைல்ஸை அறுத்துப் படியின் முகப்பில் மட்டும் ஒட்டினோம். கால் படாத இடம், கண்ணுக்கு மட்டும் தெரியும். கீழே நின்று பார்த்தால் அத்தனை அழகு. மிதிக்கும் இடத்தில் வெறும் சிமெண்டைப் பூசி, இறுகும் முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டார் கொத்தனார். இன்றுவரை யாரும் வழுக்கவில்லை.

நெல்லிக்கனி, கோவை · பிப்ரவரி 6

வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா அண்ணா? எங்கள் அபார்ட்மெண்ட் படியில் என் பெண் இரண்டு வயதில் கம்பிக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டாள். அரை மணி நேரம். இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. தலை எப்படியோ போய்விடும், காது தடுக்கும்போது திரும்பி வராது. கோலம் என்றால் பெரிய பெரிய ஓட்டையாக இருக்குமே என்றுதான் கேட்கிறேன். அதோடு வளைவு எல்லாம் பிள்ளைகளுக்கு ஏணி மாதிரி. எவ்வளவு அழகாக இருந்தாலும் இதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

ரசமட்டம், திருச்சி · பிப்ரவரி 6

நெல்லிக்கனி அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நம் விதியில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 15 செ.மீ. வரை விடலாம். அமெரிக்க வீட்டு விதியில் பொதுவாகத் தடுப்பில் 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் அந்த 4 அங்குலத்தைத்தான் பிடித்துக்கொள்வேன்.

பனங்காடு, பருத்தித்துறை · பிப்ரவரி 9

வேதாரண்யத்துக்கு நேர் எதிரே கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதுகிறேன். அதே உப்பு, அதே காற்று. எங்கள் வீட்டு முன்படியில் கைப்பிடிக் கால்களைப் படிக்குள்ளே புதைத்து மேசன் சீமெந்து ஊற்றினவர். நாலு வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் வருடம் ஒவ்வொரு காலுக்கும் பக்கத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு. ஆறாம் வருடம் படியின் ஓரம் துண்டாகக் கழன்று விழுந்தது. கறல் பிடித்த இரும்பு ஊதும். ஊதி ஊதிக் கல்லையே பிளக்கும். மழைத் தண்ணீர் காலோடு வழிந்து சீமெந்து தொடங்கும் அந்த வளையத்தில்தான் தேங்கி நிற்கிறது, வேறெங்கும் இல்லை.

இரண்டாம் முறை செய்தபோது கால்களைப் படிக்கு மேலே நிறுத்தவில்லை. படியின் பக்கவாட்டில் தகடு வைத்து போல்ட் போட்டோம். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே வாஷர் வைத்து ஒரு விரல் இடைவெளி விட்டோம், தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிவிடும். போல்ட் எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ். 304 போட்டால் எங்கள் காற்றுக்கு அதுவும் பழுப்பு நிறம் பாரிக்கிறது. எட்டு வருடம் ஆகிறது, ஓரம் உடையவில்லை. படியின் முழு அகலமும் நடப்பதற்குக் கிடைக்கிறது என்பது கூடுதல் லாபம்.

உப்பளக்காற்று, வேதாரண்யம் · ஏப்ரல் 11

இரண்டு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். படி முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலும் செய்தோம். லாரித் தண்ணீர், 45 மி.மீ. கவர், 14 நாள் சாக்குப் போட்டு நனைப்பு. சென்டரிங் முட்டுகளைப் பிரிப்பதற்குக் கொத்தனார் 7ஆம் நாளே வந்து நின்றார். 14 நாள் ஆகட்டும் என்று திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு மிதியிலும் முன்பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம் வைத்து, துடைப்பக்கோடு இழுத்தாயிற்று. முகப்பில் ஆத்தங்குடி, பச்சையும் சிவப்பும்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. அதைச் சொல்லாவிட்டால் இந்த இழைக்கு அர்த்தமில்லை. நான் 126 அங்குலம் என்று அளந்தது பழைய மாடித் தளத்தின் மட்டம். இதற்கு நடுவே மாடியில் ஒழுகுகிறது என்று மேலே சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தோம். தளம் 3 அங்குலம் உயர்ந்தது. ஆக, 20 படியும் 6 அங்குலம், கடைசிப் படி மட்டும் 9. கணக்குத் தெரிந்தும் என் மண்டையில் உறைக்கவில்லை. அம்மா முதல் தடவை ஏறினார். திருப்பத்தில் நின்று சிரித்தார். கடைசிப் படியில் கால் தட்டி முன்னால் விழப் போனார், பின்னால் வந்த நான் பிடித்துக்கொண்டேன். 20 படி ஏறிய கால் 21ஆவதும் அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் தூக்குகிறது. அந்த நம்பிக்கையை நான் ஏமாற்றிவிட்டேன்.

இப்போது என்ன செய்யலாம் என்று யோசனை சொல்லுங்கள். இடிக்கத்தான் வேண்டுமா?

ரசமட்டம், திருச்சி · ஏப்ரல் 11

இடிக்க வேண்டாம். மாடி விளிம்பில் தட்டோட்டை முழு மிதி அகலத்துக்கு, அதாவது பதினொன்றரை அங்குல ஆழத்துக்குப் பெயர்த்தால் பழைய தளமே 21ஆவது படியாக நிற்கும், ஆனால் அதற்கு அப்புறம் 3 அங்குலத்தில் ஒரு குட்டிப் படி வரும். அது 9 அங்குலத்தைவிட ஆபத்து, கண்ணுக்கே தெரியாது. வேறு வழி: மேல் பகுதியில் உள்ள 11 ஏற்றத்துக்கும் அந்த 3 அங்குலத்தைப் பங்கிடுங்கள். ஒவ்வொன்றும் 6¼ அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். திருப்பத்துக்கு அடுத்த படியின் மேல் கால் அங்குலம் பூச்சு, அதற்கு அடுத்ததில் அரை அங்குலம், இப்படி ஏறிக்கொண்டே போய்க் கடைசி மிதியில் இரண்டே முக்கால் அங்குலம் வரும். ஒரு அங்குலத்துக்கு மேல் வரும் இடத்தில் பூச்சுக் கலவை வேண்டாம், சிறு ஜல்லிக் கான்கிரீட். பழைய முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சிமெண்ட் பால் தடவிவிட்டுப் போடுங்கள். திருப்பத்துக்குக் கீழே 6, மேலே 6¼. நடுவில் நின்று போகும் இடம் இருப்பதால் கால் அதை ஏற்றுக்கொள்ளும்.

இனி இதைப் படிப்பவர்கள்: கீழே முற்றத்தில் என்ன பதிக்கப் போகிறீர்கள், மேலே என்ன பதிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு அந்த மட்டத்திலிருந்து அந்த மட்டத்துக்கு அளந்துகொள்ளுங்கள்.

உப்பளக்காற்று, வேதாரண்யம் · மே 9

அப்படியே செய்தோம் ஐயா. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறேன் பார் என்கிறார். அவர் மூடினாலும் நான் விடவில்லை.

இப்போது கோலம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன்.

கோலம் சதுரம், படியோ சரிவு. சதுரக் கோலத்தைச் சரிவுக் கைப்பிடியில் எப்படி வைப்பது? நேராக நிறுத்தினால் மேலேயும் கீழேயும் முக்கோணச் சந்து விழுகிறது. சாய்த்து வைத்தால் கோலம் விழப்போவது மாதிரி இருக்கிறது. பேப்பரில் பத்து தடவை வரைந்து பார்த்துச் சலித்துப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவர் பேப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படி எவ்வளவு ஏறுது?" என்று கேட்டார். ஆறு அங்குலம் தள்ளினால் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறும் என்றேன்.

முற்றத்தைக் கழுவிவிட்டுச் சாக்பீஸால் புள்ளி வைத்தார். முதல் வரிசையில் கீழிருந்து மேலாக நாலு புள்ளி. ஆறு அங்குலம் தள்ளி அடுத்த நாலு, ஆனால் மூன்று அங்குலம் மேலே ஏற்றி. இப்படி ஐந்து தடவை. நிற்கும் வரிசை நேராகவே நின்றது, படுக்கும் வரிசை மட்டும் படியோடு ஏறியது. அப்புறம் கோடு இழுத்தார். கை நிற்கவே இல்லை. சதுரக் கோலத்தில் வட்டமாக வரும் வளைவு இதில் நீண்டு, காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடியது. படிக்கென்றே பிறந்த கோலம் மாதிரி இருந்தது. நான் அழிந்துவிடக் கூடாதே என்று சுற்றிலும் செங்கல்லை அடுக்கிவைத்தேன்.

ஏன் ஐந்துக்கு நாலு, ஐந்துக்கு ஐந்தே போடலாமே என்று கேட்டேன். "ஐந்துக்கு ஐந்து போட்டா சிக்கு தனித்தனியாப் பிரிஞ்சிடும். ஐந்துக்கு நாலு போட்டாத்தான் ஒரே கோடு" என்றார். ராத்திரி உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். எல்லாப் புள்ளியையும் சுற்றி, எல்லாச் சந்திலும் குறுக்கே வெட்டிப் போகும் கோலத்தில், இரண்டு எண்ணுக்கும் பொதுவான பெரிய வகுத்தி எவ்வளவோ அத்தனை கோடு வருகிறது. ஐந்துக்கு ஐந்தில் ஐந்து கோடு. நாலுக்கு ஆறில் இரண்டு. ஐந்துக்கு நாலில் ஒன்று. நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன். மீப்பெரு பொதுக் காரணி என்று கரும்பலகையில் இத்தனை வருஷம் எழுதியது என் வீட்டு வாசலில் தினமும் காலையில் இருந்திருக்கிறது.

இடைவெளிக்கும் வழி கிடைத்தது. புள்ளிகளின் நிற்கும் வரிசை நேராகவே இருப்பதால், ஒவ்வொரு வரிசையிலும் பின்னால் ஒரு நேர்க்கம்பி நிறுத்திவிடலாம். அதிலேயே புள்ளிக்கு ஒரு இரும்பு வில்லை. கம்பிக்குக் கம்பி 6 அங்குலம், நடுவே கோலக்கோடு குறுக்கே ஓடுவதால் நான்கு அங்குல ரப்பர் பந்து எந்த இடத்திலும் நுழையவில்லை. தரையில் கம்பியைப் படுக்கவைத்து மருமகனின் பந்தை வைத்தே பார்த்தேன். பிள்ளைகள் ஏறுவதற்கு, நேர்க்கம்பியை உள்பக்கமும் கோலத்தை வெளிப்பக்கமும் வைத்து, கைப்பிடி உயரத்தை 42 அங்குலமாக்குகிறேன். முழுக்கத் தடுக்க முடியாது என்று தெரியும் நெல்லிக்கனி அக்கா, அதற்கு மேல் நாங்கள்தான் கண்ணாக இருக்க வேண்டும்.

மூன்று படிக்கு ஒரு கால். மூன்று மிதி 34½ அங்குலம், கோலச் சட்டம் 30. கீழே மூன்று, மேலே மூன்று சாய்ந்த சட்டம். திருப்பத்தில் இரண்டு, அது சமதளம் என்பதால் அங்கே சாயாத கோலம்.

உலைக்களம், திண்டுக்கல் · மே 9

படித்துவிட்டு என் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன் அண்ணா. அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒரு இடைஞ்சல் இருக்கிறது. கோடும் கோடும் வெட்டும் இடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் நடுவே சந்து விழும், உப்புத் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கம்பியை வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டவைத்து, கிரைண்டிங் போட்டு ஒரே மட்டமாக்கிவிடுங்கள். உங்கள் காற்றுக்கு அதுதான் நல்லது. பட்டை சுற்றுவது, ரிவிட் அடிப்பது எல்லாம் பார்க்க லட்சணம், ஆனால் மலையடிவார ஊருக்குத்தான் ஆகும்.

உப்பளக்காற்று, வேதாரண்யம் · மே 20

தம்பி, நீ சொன்னது தொழிலுக்குச் சரி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டை வெட்டினால் அது சிக்குக் கோலமே இல்லை என்றார். இதில் அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து ஊரில் அரிவாள், மண்வெட்டி அடிக்கும் ஒரு பெரியவரின் உலையில்தான் வேலை நடக்கிறது. எனக்கு விடுமுறை, தினமும் துருத்தி சுழற்ற நான்தான். அவர் சொன்ன வழி: மேலே போகும் கம்பியை வெட்டும் இடத்தில் மட்டும் பழுக்கக் காய்ச்சி, லேசாக முதுகு வளைத்து அடுத்த கம்பியின்மேல் ஏற்றிவிடுவது. பிறகு அந்தச் சந்தைச் சுற்றிலும் விட்டுப்போகாமல் வெல்டிங் வைத்து அடைத்துவிடுவது. ஒரு சட்டத்துக்கு 31 சந்தி. எட்டுச் சட்டத்துக்கு 248. ஒவ்வொன்றையும் சுற்றி அடைக்க வேண்டும். பெரியவர் கணக்குப் பார்த்துவிட்டு, "அம்மா கேக்குறாங்கல்ல, செஞ்சிடுவோம்" என்று சொல்லி அடுத்த கம்பியை உலையில் போட்டார்.

இன்னொரு சிக்கலும் வந்தது. கோலக்கோட்டின் மேல் நூல் வைத்து அளந்தால் ஒரு சட்டத்துக்கு 27 அடி. அவ்வளவு நீளக் கம்பியை அதன் வளைவுக்குள்ளேயே நுழைத்து நுழைத்து வளைக்க முடியாது, வால் எல்லாவற்றிலும் இடிக்கிறது. மூன்று துண்டாக வளைத்துத்தான் சேர்க்க வேண்டும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாவு எடுக்கக் கை தூக்குறோமே, அந்த இடத்துல ஒட்டு வெக்கச் சொல்லு" என்றார். அடுத்த நாள் பட்டறைக்கே வந்து, தரையில் வரைந்து, தன் கை எங்கெங்கே தூக்கும் என்று சுண்ணாம்பால் மூன்று புள்ளி வைத்துக் காட்டினார். அந்த மூன்று இடத்தில்தான் எட்டுச் சட்டத்திலும் ஒட்டு.

பனங்காடு, பருத்தித்துறை · மே 21

இதை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தேன். பெயின்ற் அடிக்க முன்னம் கம்பியை நல்ல தண்ணீரில் கழுவ மறக்க வேண்டாம். வெறும் கண்ணுக்குத் தெரியாத உப்பு கம்பியில் படிந்திருக்கும். அதன்மேல் எந்தப் பெயின்ற் அடித்தாலும் உள்ளே கொப்புளம் கட்டும்.

உலைக்களம், திண்டுக்கல் · மே 21

அதோடு உலையில் காய்ந்த கம்பியில் கருஞ்செதில் இருக்கும். பார்க்க நல்ல கருப்பாக, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரியும். ஆறு மாதத்தில் பெயிண்டோடு சேர்ந்து உரிந்து வரும். கம்பி பிரஷ், அது போகாத மூலையில் உப்புத்தாள். இரும்பு வெள்ளி மாதிரி தெரியும்வரை தேயுங்கள். அப்புறம் துத்தநாகம் கலந்த எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் எப்பாக்ஸி, கடைசியில் வெயில் தாங்கும் பாலியூரித்தேன். வெறும் ரெட் ஆக்சைடு உங்கள் ஊரில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சட்டங்களைக் கால்களோடு வெல்டிங் வைக்காமல் போல்ட் போடுங்கள்; நாளைக்கு ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றலாம்.

உப்பளக்காற்று, வேதாரண்யம் · ஜூன் 14

முடிந்தது. கடல் காற்று எழும் முன்பே, காலையிலேயே கழுவித் துடைத்து, பதினொரு மணிக்குள் பெயிண்ட் அடித்து முடித்தோம். கால்கள் பக்கவாட்டில், வாஷர் வைத்து, 316 போல்ட்.

கடைசியில் ஒரு விஷயம், இந்த ஊர் வெயிலில் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியது. இரும்புக் கைப்பிடியை மதியம் தொட முடியவில்லை. அம்மா வடகம் எடுக்க ஏறுவதே அந்த நேரத்தில்தான். பிடிக்க முடியாத கைப்பிடி எதற்கு? கஜாவில் விழுந்த எங்கள் பூவரசைப் பலகையாக அறுத்துக் கொல்லையில் அடுக்கியிருந்தோம். தச்சர் அதை இழைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும்படி இரண்டு அங்குலத்துக்குள் உருட்டி, இரும்புப் பட்டையின்மேல் வைத்து அடியிலிருந்து திருகு போட்டார். ஆளி விதை எண்ணெய் தடவியதும் பூவரசின் காவிக் கருப்பு மேலே வந்தது. நேற்று இரண்டு மணி வெயிலில் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகத்தை முன்னால் வைத்து, ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி, எல்லோரும் இறங்குவது மாதிரி.

நெல்லிக்கனி, கோவை · ஜூன் 14

அண்ணா, இந்தக் கடைசி வரியில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உப்பளக்காற்று, வேதாரண்யம் · டிசம்பர் 28

மழைக்காலம் போன பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று இருந்தேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் நல்ல மழை. படியில் எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. எட்டுச் சட்டத்தையும் டார்ச் அடித்து ஒவ்வொரு சந்தியாகப் பார்த்தேன். ஐந்தாம் சட்டத்தில் கீழ் மூலைச் சந்தி ஒன்றில் பழுப்பு நீர் கசிந்திருக்கிறது. வெல்டிங் ஒரு நூல் அளவு விட்டுப் போயிருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கழற்றி, தேய்த்து, திரும்ப அடைத்துப் பெயிண்ட் அடித்தேன். 248இல் ஒன்று. வருஷா வருஷம் மார்கழி பிறக்கும் முன் கழுவிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

பனங்காடு, பருத்தித்துறை · டிசம்பர் 29

எங்கள் வீட்டுக் கைப்பிடி வெறும் நேர்க்கம்பிதான். அம்மாவின் கோலத்தை நாங்களும் வைக்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் படி 7 அங்குல உயரம், 10 அங்குல மிதி.

உப்பளக்காற்று, வேதாரண்யம் · டிசம்பர் 29

கேட்டேன். தாராளமாக வைக்கச் சொன்னார். ஐந்துக்கு நாலு, புள்ளிக்குப் புள்ளி 6 அங்குலம். உங்கள் படிக்கு ஒவ்வொரு வரிசையும் 4 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறும். எங்களுடையதைவிடக் கூடுதலாகச் சாயும் என்பதால் ஓரத்து வளைவுகள் நெருங்கும், முதலில் தரையில் வரைந்து பார்த்துவிட்டுச் செய்யச் சொன்னார். கீழே இடது மூலைப் புள்ளியில் தொடங்க வேண்டுமாம்.

படம் வரைந்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். இப்போது முற்றத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார்.